கடலுக்கு ஏன் சூமாஷ் பெயர்? தார், சிப்பிக் காசு, தைத்த படகு

கலிஃபோர்னியாவின் நடுக் கடற்கரையை ஒட்டிய 4,543 சதுர மைல் கடற்பரப்பு 2024 நவம்பர் 30 முதல் 'சூமாஷ் பாரம்பரிய தேசியக் கடல் சரணாலயம்' என்ற பெயரில் பாதுகாக்கப்படுகிறது. இது ஏறத்தாழ 11,770 சதுர கிலோமீட்டர். சூமாஷ் என்பது மீனின் பெயரோ தீவின் பெயரோ அல்ல. அது ஒரு பூர்வகுடி மக்களின் பெயர். இந்தச் செய்தியைப் படித்தவர்களில் பலருக்கு ஒரே குழப்பம்தான். அமெரிக்கப் பூர்வகுடிகள் என்றதும் சினிமா காட்டிப் பழக்கிய குதிரையும் இறகுத் தலைப்பாகையும் புல்வெளியும்தான் நினைவுக்கு வருகின்றன. கடலுக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு? அமெரிக்க அரசு அங்கீகரித்த ஒரே சூமாஷ் குழுவின் நிலமும் சாண்டா இனெஸ் என்ற உள்நாட்டுப் பள்ளத்தாக்கில், மலைக்கு அப்பால் இருக்கிறது.

அந்தத் தொடர்பைப் பிடிக்க வேண்டுமானால் மூன்று பொருள்களைப் பார்த்தால் போதும்: தரையிலிருந்து கசியும் தார், ஒரு சிறிய கடல் நத்தையின் ஓடு, கரையில் ஒதுங்கும் மரக்கட்டை. மற்றதெல்லாம் இவற்றின் மேல் எழுந்ததுதான்.

யார், எங்கே

தெற்கே மாலிபு முதல் வடக்கே சான் லூயிஸ் ஒபிஸ்போவுக்கு அப்பால் வரையிலான கடற்கரை, அதன் பின்னுள்ள மலைகளும் பள்ளத்தாக்குகளும், எதிரே கடலில் கிடக்கும் நான்கு தீவுகள் ஆகியவை சூமாஷ் நாடு. தீவுகளுக்கு இன்று சாண்டா க்ரூஸ், சாண்டா ரோசா, சான் மிகேல், அனகாபா என்று பெயர். முதல் மூன்றும் ஸ்பானியர் வைத்தவை; சூமாஷ் மொழியில் அவை லிமூ, விமா, துக்கான். அனகாபா மட்டும் 'அன்யாபாக்' என்ற சூமாஷ் சொல்லின் திரிபாகவே தங்கிவிட்டது.

'சூமாஷ் மொழி' என்று ஒருமையில் சொல்வது சரியில்லை. அது ஒரு மொழிக்குடும்பம். குறைந்தது ஆறு மொழிகள் இருந்தன. ஒரு கோடி ஊர்க்காரர் பேசுவது மறுகோடி ஊர்க்காரருக்குப் புரியாது. இந்தக் குடும்பத்துக்கு வேறெந்த மொழிக்குடும்பத்தோடும் உறவு நிறுவப்படவில்லை. 'சூமாஷ்' என்ற பெயரும் முதலில் எல்லாருக்கும் பொதுவானதாக இருக்கவில்லை. சிப்பி மணி செய்யும் தீவுக்காரர்களை மற்றவர்கள் அழைத்த பெயர் அது. பிற்கால ஆய்வாளர்கள் அதை எல்லாருக்குமாக விரித்தார்கள்.

இந்தத் தீவுகளில் மனிதர் வாழ்ந்ததற்கான சான்று மிகப் பழையது. 1959-இல் சாண்டா ரோசா தீவின் ஆர்லிங்டன் நீரூற்று அருகே கிடைத்த மனிதத் தொடை எலும்புகளின் வயது சுமார் 13,000 ஆண்டுகள். பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது நான்கு தீவுகளும் ஒன்றாக இணைந்திருந்தன. ஆனால் பெருநிலத்தோடு ஒருபோதும் இணைந்ததில்லை. எனவே 13,000 ஆண்டுகளுக்கு முன்பே ஏதோ ஒரு மிதவையில்தான் ஆட்கள் அங்கே போயிருக்க வேண்டும்.

தார்: எல்லாவற்றையும் ஒட்டிய பொருள்

தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே உள்ள கடலுக்குச் சாண்டா பார்பரா கால்வாய் என்று பெயர். அதற்கு அடியில் எண்ணெய் வளம் இருக்கிறது. அது தரையிலும் கடலடியிலும் தானாகவே கசிகிறது. கார்பின்டீரியா ஊரின் கடற்கரையில் இன்றும் தார் ஊறி வழிவதைப் பார்க்கலாம். பிஸ்மோ பீச் என்ற சுற்றுலா ஊரின் பெயர் வந்ததே 'பிஸ்மு' என்ற சூமாஷ் சொல்லிலிருந்துதான். அதன் பொருள் தார்.

இரண்டு வகைத் தாரை அவர்கள் வேறுபடுத்தி அறிந்திருந்தார்கள். வேலை நிற்பதும் கெடுவதும் இந்த வேறுபாட்டில்தான்.

1. மலக்: கடலடியில் கசிந்து அலையில் கரை ஒதுங்கும் மென்மையான தார். காலில் ஒட்டுமே இதுதான். வெயிலில் இளகிவிடும் என்பதால் படகுக்கு ஆகாது.

2. வோக்கோ: நிலத்துக் கசிவுகளில் கெட்டிப்பட்ட தார். இதை வெட்டி எடுத்து, கட்டியாகவே கைமாற்றினார்கள். படகுக்கும் உயர்தர வேலைக்கும் இதுதான்.

படகுக்கு வோக்கோவும் தனியாகப் பயன்படாது. பைன் மரப் பிசினைச் சேர்த்துக் கற்கலத்தில் காய்ச்சி 'யோப்' என்ற கலவை ஆக்குவார்கள். தார் நெகிழ்வைத் தரும். பிசின் இறுக்கத்தைத் தரும். பிசின் மிஞ்சினால் ஆறியதும் கண்ணாடிபோல் விரிசல் விடும். தார் மிஞ்சினால் வெயிலில் ஓடும். யோப்பைச் சூடாக இருக்கும்போதே பூச வேண்டும் என்பதால், பூசுகிற நேரம் முழுக்க அடுப்பு அணையக் கூடாது.

தாரின் இன்னொரு வேலை தண்ணீர்க் குடுவை. சூமாஷ் மக்கள் மண்பாண்டம் வனையவில்லை. ஜங்கஸ் என்ற நாணல் வகையைக் கொண்டு அவர்கள் பின்னிய கூடைகள் உலகின் மிக நேர்த்தியான பின்னல்களில் சேரும். நாணலின் அடித்தண்டுக்கு இயற்கையாகவே செம்பழுப்பு நிறம் இருக்கும்; அதையே கோலத்துக்குப் பயன்படுத்தினார்கள். குடுவைக்குச் சிறுத்த கழுத்து. உள்ளே கையை விட்டுத் தார் பூச வழியில்லை. செய்முறை இது: பொடித்த தாரை உள்ளே போடுவார்கள். நெருப்பில் காய்ச்சிய கூழாங்கற்களை அதன்மேல் போட்டுக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். கல்லின் சூட்டில் உருகிய தார், கல் உருளும் வழியெல்லாம் ஏறி உட்புறம் முழுவதும் மெல்லிய பூச்சாகப் படியும். பிறகு கற்களைக் கொட்டிவிடுவார்கள். கல் போதிய சூடில்லை என்றால் பூச்சு திட்டுத்திட்டாக நிற்கும். அளவு மீறிக் காய்ந்தால் நாணல் கருகும். பழைய ஊர்களைத் தோண்டும்போது தார் அப்பிய கூழாங்கற்கள் கைநிறையக் கிடைப்பது இதனால்தான். எதுவும் எழுதி வைக்காத ஒரு கைவினையின் ஒவ்வொரு அசைவும் அந்தக் கற்களில் பதிந்திருக்கிறது.

தொமோல்: ஆணியில்லாத பலகைப் படகு

'தொமோல்' என்பது பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்யும் படகு. அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் வருமுன் பலகை தைத்துக் கடலோடும் படகு கட்டிய பகுதிகள் மிகச் சில: ஒன்று சூமாஷ் மக்களும் அவர்களது தெற்கு அண்டை வீட்டாரான தொங்வா மக்களும் வாழ்ந்த இந்தக் கடற்கரை, மற்றொன்று தென்னமெரிக்காவில் சிலியின் சிலோயே தீவுப் பகுதி. கி.பி. 400-க்கும் 700-க்கும் இடையில் தொமோல் உருவானது என்பது அகழாய்வாளர் பலரின் கணிப்பு. இன்னும் முந்தையது என்போரும் உண்டு. பசிபிக் தீவுகளின் பாலினீசிய மாலுமிகளிடமிருந்து இந்த நுட்பமும் பெயரும் வந்தன என்று 2005-இல் ஒரு மொழியியலாளரும் ஒரு அகழாய்வாளரும் வாதிட்டார்கள். பெரும்பாலான ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. எனக்கும் உள்ளூர் வளர்ச்சி என்பதே பொருத்தமாகப் படுகிறது. தாரும் நாரும் மரமும் தேவையும் ஒரே இடத்தில் இருந்தன.

கட்டும் முறை:

1. மரம். முதல் தேர்வு ரெட்வுட் என்ற ஊசியிலை மரம். ஆனால் ரெட்வுட் காடு சூமாஷ் நாட்டில் இல்லை. வடக்கே வெகுதூரத்தில் இருக்கிறது. அங்கே ஆறுகள் அடித்துவரும் மரங்களைக் கடல் நீரோட்டம் தெற்கே கொண்டுவந்து கரையில் தள்ளும். விமா என்ற தீவுப் பெயரே இப்படி ஒதுங்கும் ரெட்வுட் கட்டையைக் குறிப்பதுதான். ரெட்வுட் எடை குறைவு, நேராகப் பிளக்கும், எளிதில் உளுக்காது. கணு உள்ள கட்டையை ஒதுக்கிவிடுவார்கள். கணு காய்ந்து விழுந்தால் அந்த இடம் ஓட்டை.

2. பிளத்தல். ரம்பம் கிடையாது. திமிங்கில எலும்பாலும் மான் கொம்பாலும் செய்த ஆப்புகளை இறக்கி, மரத்தின் ரேகை வழியே பலகையாகப் பிளப்பார்கள். சிப்பி அலகு பொருத்திய வாய்ச்சியால் செதுக்கி, முக்கால் அங்குலம் முதல் ஒரு அங்குலம் வரையிலான கனத்துக்குக் கொண்டுவருவார்கள். இறுதி மெருகுக்குச் சுறாத்தோல். உப்புத்தாள் செய்கிற வேலையை அது செய்யும்.

3. அடிப்பலகை. படகின் முதுகெலும்பு இதுதான். மற்றப் பலகைகளைவிடக் கனமானது. படகின் நீளத்தை இது முடிவு செய்கிறது. சிறியவை 8 அடி, பெரியவை 30 அடி வரை.

4. ஒட்டுதல். அடிப்பலகையின் விளிம்பில் சூடான யோப்பைப் பூசி அடுத்த பலகையை விளிம்போடு விளிம்பாக நிறுத்துவார்கள். மூலைகள் சரியாகப் பொருந்த வேண்டும். ஒரு வரிசையில் வரும் சிறு கோணல் அடுத்தடுத்த வரிசைகளில் பெருகி, கடைசியில் படகு ஒரு பக்கம் சாய்ந்துதான் மிதக்கும். யோப் இறுகிய பின்னரே அடுத்த வரிசை. அவசரப்பட்டால் மேல் பலகையின் எடையில் மூட்டு நகர்ந்துவிடும்.

5. தைத்தல். மூட்டின் இருபுறமும் கல் துரப்பணத்தால் துளையிட்டு, 'தோக்' கயிற்றால் இழுத்துக் கட்டுவார்கள். தோக் என்பது டாக்பேன் என்ற நார்ச்செடி. இலையுதிர்ந்து காய்ந்த தண்டை நசுக்கி நாரை உரித்து, தொடையில் வைத்துத் திரித்தால் இரட்டைப் புரிக் கயிறு. இரண்டு துளைகளுக்கும் நடுவே சிறு பள்ளம் வெட்டிக் கயிற்றை அதற்குள் பதித்துவிடுவார்கள். கயிறு மேலே துருத்தினால் மணலில் இழுக்கும்போது அறுந்துபோகும்.

6. கலப்பத்து. வெளிப்புற இடுக்குகளில் காய்ந்த கோரைத் தண்டைத் திணித்து, துளைகளையும் மூட்டுகளையும் யோப்பால் அடைப்பார்கள். நீர் பட்டால் கோரை உப்பி இடுக்கை இறுக்கும்.

7. நடுக்கட்டை, காதுகள், நிறம். உள்ளே விலாச்சட்டங்கள் இல்லை. நடுவில் குறுக்கே ஒரே ஒரு கட்டை மட்டும் இரு பக்கங்களையும் பிடித்து நிற்கும். அணியத்திலும் பின்புறத்திலும் பலகைகள் முட்டாமல் காதுபோல் விரிந்து நிற்கும். மேலே செங்காவிப் பூச்சு. பலவற்றில் அபலோனிச் சிப்பி பதித்த அலங்காரம்.

ஒரு படகு முடிய மாதக்கணக்கில் ஆகும். முடிந்த பின்னும் அது கசியும். இந்தக் கசிவு கட்டியவரின் குறையல்ல. தைத்த படகு அலையில் வளைந்து கொடுக்கும், வளையும்போது மூட்டு சிறிது திறக்கும். அதனால் ஒருவருக்குத் தண்ணீர் இறைப்பதே வேலை. துடுப்புப் போடுகிறவர்கள் கோரைப் படுகையில் மண்டியிட்டு, இருபுறமும் அலகுள்ள நீண்ட துடுப்பை வலமும் இடமுமாக மாற்றி மாற்றிப் போடுவார்கள். பிற்பகலில் காற்று எழும் கடல் இது. கடக்க வேண்டுமென்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும்.

1769-இல் தரைவழியாக வந்த ஸ்பானியப் படையினர் ஓர் ஊரில் படகு கட்டும் வேலை நடப்பதைக் கண்டு அந்த இடத்துக்கு 'லா கார்பின்டீரியா', அதாவது தச்சுப்பட்டறை, என்று பெயரிட்டார்கள். தார் ஊறும் அதே கார்பின்டீரியாதான். பட்டறை ஏன் அந்த ஊரில் இருந்தது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

சிப்பிக் காசு எப்படிக் காசாயிற்று

தீவுகளில் கடல்வளம் ஏராளம்; ஓக் மரங்கள் குறைவு, மான் இல்லை. பெருநிலத்தில் ஓக் கொட்டையும் விதைகளும் மான் இறைச்சியும் வில்லுக்கான மரமும் உண்டு. இந்த இரண்டையும் இணைத்தது தொமோல். மீனைக் கொடுத்துக் கொட்டை வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது: மீன் கெடும், கொட்டைக்குப் பருவம் உண்டு. கெடாத ஒன்று நடுவே தேவைப்பட்டது.

அது ஒலிவெல்லா என்ற சிறு கடல் நத்தையின் ஓட்டில் செய்த மணி. படிகள் எளிமையானவை, உழைப்புதான் கடுமை.

1. ஓட்டை உடைத்துத் தேவையான துண்டை எடுத்தல்.
2. விளிம்பைக் கொத்தி ஏறக்குறைய வட்டமாக்குதல்.
3. கல் துரப்பணத்தால் நடுவே துளையிடுதல். துண்டு உடைவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.
4. பல மணிகளைச் சேர்த்துக் கோத்து, சொரசொரப்பான கல்லில் ஒன்றாக உருட்டித் தேய்த்து, ஒரே விட்டத்துக்குக் கொண்டுவருதல்.

ஓட்டின் மெல்லிய சுவரிலிருந்து பல மணிகள் கிடைக்கும். வாய்ப்பகுதியில் தடித்திருக்கும் இடத்திலிருந்து ஓர் ஓட்டுக்கு ஒன்றிரண்டுதான் தேறும். துளையிடவும் நேரம் அதிகம். இந்தத் தடித்த மணியே பிற்காலத்தில் காசாகப் புழங்கியது. 'அல்சும்' என்பது காசுக்கான சொல். மதிப்பை எண்ணிச் சொல்வதில்லை. மணிச்சரத்தைக் கையைச் சுற்றி அளந்து சொல்வார்கள்.

துரப்பணத்துக்கான கல் கிடைக்கும் இடம் சாண்டா க்ரூஸ் தீவின் கிழக்குப் பகுதி. அங்கே சிக்கிமுக்கி வகைக் கல்லைத் தீக்குச்சி அளவுக்குச் சீவி நுனியாக்கிய பட்டறைகளின் கழிவு மலைபோல் கிடைத்திருக்கிறது. கல், ஓடு, கை மூன்றும் தீவில், வாங்குகிறவர் கரையில். மணிகள் கரையோடு நிற்கவும் இல்லை. கடலைக் காணாத உள்நாட்டுப் பாலைவனப் பகுதிகள் வரை அவை போயிருக்கின்றன.

'இஷ்டத்துக்குச் செய்துகொள்ளக்கூடிய காசுக்கு எப்படி மதிப்பு நிற்கும்?' என்ற கேள்வி நியாயமானது. ஒன்று, மேலே சொன்ன உழைப்பு. இரண்டாவது, இறந்தவர்களோடு மணிகளைப் புதைத்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பகுதி புழக்கத்திலிருந்து வெளியேறிக்கொண்டே இருந்தது.

ஸ்பானியர் இரும்பு ஊசிகளைக் கொண்டுவந்த பின் துளையின் விட்டம் சட்டென்று சிறுத்தது. கல் நுனி அகலமாகத் துளைத்த இடத்தில் ஊசி மயிரிழைத் துளையிட்டது. ஒரு மணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளையைப் பார்த்தாலே அது 1770-களுக்கு முன்னையதா பின்னையதா என்று சொல்லிவிட முடிகிறது.

ஓக் கொட்டைக் கூழ்: கசப்பை எடுக்கும் கலை

அன்றாட உணவில் மீனுக்கு நிகரான இடம் ஓக் கொட்டைக்கு. அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி; அப்படியே தின்றால் வாயைக் கட்டும், வயிற்றைக் கெடுக்கும். இலையுதிர் காலத்தில் பொறுக்கி, வெயிலில் காயவைத்து, குதிர்போன்ற பெரிய கூடைகளில் சேமிப்பார்கள். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சை பிடிக்கும். புழுவிழுந்த கொட்டை ஒன்று கலந்தால் கூடையே போகும்.

உடைத்து, தோல் நீக்கி, கல் உரலில் இடித்து, சலித்த மாவின்மேல் நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றி வடிப்பார்கள். மாவைக் கிள்ளி வாயில் போட்டுத் துவர்ப்பு நின்றுவிட்டதா என்று பார்ப்பதே கணக்கு. கொதிநீரில் வடித்தால் வேலை விரைவில் முடியும், ஆனால் மாவைக் கெட்டிப்படுத்தும் பசை குறையும். குளிர்ந்த நீரில் மெதுவாக வடித்த மாவில்தான் கூழ் நன்றாக இறுகும். நெருங்கப் பின்னிய கூடையில் நீரையும் மாவையும் விட்டுக் காய்ந்த கற்களைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருப்பார்கள். கிளறுவதை நிறுத்தினால் கல் கூடையைச் சுட்டுவிடும். நேரடியாக நெருப்பில் வைக்க மாக்கல் சட்டிகளும் உண்டு. நம் வீடுகளில் பழகிய கல்சட்டிக்கான அதே கல். அது சூமாஷ் நாட்டுக் கல் அல்ல. தெற்கே தொங்வா மக்களின் சாண்டா கட்டலீனா தீவிலிருந்து வரும்.

தீவுகளில் ஓக் குறைவை ஈடுசெய்தது நீலப்பூப் பூக்கும் ஒரு செடியின் கிழங்கு. தோண்டுகோலுக்கு எடை தர வளையக் கல் மாட்டித் தோண்டினார்கள். சிறு கிழங்குகளை மண்ணிலேயே விட்டுவிட்டால் அடுத்த பருவத்துக்கு விளைச்சல்.

பெருநிலத்தில் இதற்கு இணையான பராமரிப்பு நெருப்பு. காய்ந்த புல்வெளியை முறைவைத்து எரித்தார்கள். சியா போன்ற விதைச்செடிகள் எரிந்த நிலத்தில்தான் செழித்து வரும், புதர் அண்டாது, கூடை பின்னத் தேவையான நேரான புதுத் தளிர் கிடைக்கும். விதைக்காமல் உழாமல் வாழ்ந்தவர்கள் என்று இவர்களைப் பற்றி எழுதுவது பாதி உண்மைதான். நிலம் அவர்கள் கையால் ஆளப்பட்ட நிலமாகவே இருந்தது.

யாரிடம் அதிகாரம்

ஊர்த்தலைவர் 'வோட்'. பதவி பரம்பரையாக வரும், பெண்களும் வகித்தார்கள். தானியம் சேமிப்பது, விழாவுக்கு அழைப்பது, பிற ஊரோடு பேசுவது அவர் பொறுப்பு. 'அந்தாப்' என்ற சடங்குக் குழு மேல்தட்டினருக்கானது. நாள்பார்த்தலும் விண்மீன் அறிவும் அவர்களிடம். மலைக் குகைகளில் செங்காவி, கறுப்பு, வெள்ளை நிறங்களில் தீட்டப்பட்ட சக்கரங்களையும் உருவங்களையும் இந்தச் சடங்கு உலகத்தோடு பலர் இணைக்கிறார்கள். சாண்டா பார்பராவுக்கு மேலே மலையில் கம்பிக் கதவின் வழியே பார்க்கக்கூடிய ஓவியக் குகை ஒன்று மாநில வரலாற்றுப் பூங்காவாக இருக்கிறது.

படகு உரிமையாளர்களுக்குத் தனி மதிப்பு. கரடித்தோல் மேலங்கி அணியும் உரிமை அவர்களுக்கு உண்டு. படகு கட்டுவோர் 'தொமோல் சகோதரர்கள்' என்ற சங்கமாக இயங்கினார்கள். நுட்பம் அந்தச் சங்கத்துக்குள்தான் கைமாறியது. காரணம் தெளிவு: மாதக்கணக்கில் ஆட்களுக்குச் சோறு போட்டுப் படகு கட்டுவிக்க வசதி வேண்டும், கட்டியவர் தீவுக்கும் கரைக்கும் இடையிலான எல்லாச் சரக்கிலும் பங்கு பெறுவார். காசு, படகு, பதவி மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒன்றை உருவினால் மற்றவை சரியும். பிறகு நடந்தது அதுதான்.

எது எப்படி உடைந்தது

1542-இல் ஸ்பெயினுக்காகக் கடலோடிய கப்ரியோவின் கப்பல்கள் வந்து போயின. குடியேற்றம் 1769-க்குப் பிறகு. சூமாஷ் நாட்டில் ஸ்பானியர் ஐந்து மிஷன்களை நிறுவினார்கள்: சான் லூயிஸ் ஒபிஸ்போ 1772, சான் புயெனவெந்தூரா 1782, சாண்டா பார்பரா 1786, லா பூரிசிமா 1787, சாண்டா இனெஸ் 1804. மிஷன் என்பது வெறும் தேவாலயம் அல்ல. ஞானஸ்நானம் பெற்றவர் அனுமதியின்றி வெளியேற முடியாத, உழைப்பு வாங்கும் குடியிருப்பு.

மக்கள் ஏன் உள்ளே போனார்கள் என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. மிஷன் கால்நடைகள் விதைப் புல்வெளிகளை மேய்ந்து அழித்தன. 1793 மே 31 அன்று ஆளுநர் அரியாகா, நிலத்தை எரிப்பதைத் தடைசெய்து ஆணையிட்டார். விதைப்பயிர் அதோடு குன்றியது. அம்மை போன்ற புதிய நோய்கள் ஊர்களைக் காலி செய்தன. 1806-இன் தட்டம்மை கொடியது. கரை ஊர்கள் காலியானதும் தீவுக்காரரின் மணிக்கு வாங்குவார் இல்லை, கொட்டை வரவில்லை. 1820-களின் தொடக்கத்துக்குள் தீவுகளில் எஞ்சியவர்களும் கரைக்கு வந்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் முதன்முறையாக லிமூவில் ஊர் இல்லை. எழுதும்போதே கனக்கிற வரி இது.

1824 பிப்ரவரி 21 அன்று சாண்டா இனெஸில் லா பூரிசிமாவைச் சேர்ந்த ஓர் இளைஞனைக் காவலர்கள் அடித்ததிலிருந்து மூன்று மிஷன்களில் கிளர்ச்சி வெடித்தது. லா பூரிசிமாவைச் சூமாஷ் மக்கள் ஏறக்குறைய ஒரு மாதம் தம் கையில் வைத்திருந்தார்கள். மார்ச் 16 அன்று, ஸ்பெயினுக்குப் பின் ஆட்சிக்கு வந்திருந்த மெக்சிகோவின் படை பீரங்கியோடு வந்து மீட்டது.

குறிப்பேட்டிலிருந்து கடலுக்கு

19-ஆம் நூற்றாண்டிலேயே தொமோல் கட்டுவது நின்றுபோனது. கட்டுமுறை மறையாததற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் கித்செபாவித் என்ற சூமாஷ் பெயர் கொண்ட ஃபெர்னாண்டோ லிப்ராடோ. இளமையில் படகுகள் கட்டப்பட்டதைப் பார்த்தவர். மற்றவர் ஜே. பி. ஹாரிங்டன் என்ற மொழியியலாளர். லிப்ராடோ சொல்லச் சொல்ல அவர் எழுதினார்; எந்தக் கயிறு, எந்தத் தார், எந்த வரிசை என்று எல்லாம். 1915-இல் லிப்ராடோ மறைந்தார்.

அந்தக் குறிப்புகளை வைத்து 1976-இல் 'ஹெலெக்' என்ற தொமோல் கட்டப்பட்டது. 1997-இல் சூமாஷ் சமூகத்தினரே தமக்கென 'எல்யேவுன்' என்ற படகைக் கட்டினார்கள். பெயரின் பொருள் வாள்மீன். 2001 செப்டம்பரில் அது கால்வாயைக் கடந்து லிமூவை அடைந்தது. 20 மைலுக்கும் அதிகமான தூரம், துடுப்பாட்களை மாற்றி மாற்றி, 10 மணி நேரத்துக்கும் மேல். அதன் பிறகு கடப்பு ஒரு வழக்கமாகத் தொடர்கிறது. கடக்கும்போது டால்ஃபின்கள் உடன் வந்தால் அது உறவினர் வருகை. ஹுதாஷ் என்ற பூமித்தாய் மக்களை லிமூவில் உருவாக்கி, வானவில் பாலத்தின் வழியே கரைக்கு அனுப்பினாள். கீழே பார்த்துத் தலைசுற்றி விழுந்தவர்களை மூழ்காமல் காக்க டால்ஃபின்களாக்கினாள் என்பது அவர்கள் கதை.

மொழிக்கும் இதே வழிதான். சூமாஷ் மொழி ஒன்றைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி ஆளான மேரி யீ 1965-இல் இறந்தார். ஹாரிங்டனின் தாள்களிலிருந்து சாண்டா இனெஸ் குழுவினர் தம் சமாலா மொழிக்கு 2008-இல் பெரிய அகராதி வெளியிட்டு வகுப்புகள் நடத்துகிறார்கள்.

சரணாலயம் எதை மாற்றுகிறது, எதை மாற்றவில்லை

முன்மொழிந்தது வட சூமாஷ் பழங்குடிப் பேரவை, 2015-இல். அறிவிப்பு வர ஒன்பது ஆண்டுகள் ஆயின. பின்னணியில் 1969 ஜனவரி 28 அன்று சாண்டா பார்பரா கால்வாயில் எண்ணெய்க் கிணறு வெடித்த நினைவு இருக்கிறது. 'அங்கேதான் எப்போதும் தார் கசிகிறதே, கிணறு தோண்டினால் என்ன?' என்று கேட்போர் உண்டு. இயற்கைக் கசிவு பல இடங்களில் சிறிது சிறிதாக வருவது. உயிரினங்களும் மனிதரும் அதனோடு பழகியிருக்கிறார்கள். வெடிப்பு ஒரே இடத்தில், சில நாளில், கரையையே மூடுவது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

1. சரணாலயத்துக்குள் புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலுக்குத் தடை.
2. கடலடியைக் குலைப்பதற்கும் தொல்பொருள்களைத் தொடுவதற்கும் கட்டுப்பாடு. கடல் மட்டம் உயர்ந்தபோது மூழ்கிய பழைய கரைகள் அங்கேதான் இருக்கின்றன.
3. மேலாண்மையில் பூர்வகுடிகளுக்கு இடம். அங்கீகாரம் பெற்ற சாண்டா இனெஸ் குழு அரசு என்ற நிலையில் பேசுகிறது; அங்கீகாரம் இல்லாத வட சூமாஷ் பேரவை போன்றவற்றுக்கு ஆலோசனை வழி. இந்த ஏற்றத்தாழ்வைச் சரணாலயம் தீர்க்கவில்லை.
4. மீன்பிடி விதிகள் மாறவில்லை. அவை முன்பிருந்த அமைப்புகளிடமே இருக்கின்றன.

எல்லை டயாப்லோ கேன்யன் அணுமின் நிலையத்துக்குச் சற்றுத் தெற்கே தொடங்கி, காவியோட்டா கடற்கரையின் நேபிள்ஸ் பாறைத்திட்டு வரை 116 மைல் கரையைத் தொட்டுச் செல்கிறது. முன்மொழிவில் வடக்கே இன்னும் நீண்டிருந்தது. மோரோ பே எதிரே ஆழ்கடலில் திட்டமிடப்பட்ட காற்றாலைகளின் மின்வடங்கள் கரையேற வழி விட்டு அந்தப் பகுதி விலக்கப்பட்டது. அங்கே கரையோரம் ஒற்றையாக எழுந்து நிற்கும் மோரோ பாறைக்குச் சூமாஷ் பெயர் லிசாமு. அவர்கள் புனிதமாகக் கொள்ளும் இடங்களில் அது முக்கியமானது. இப்போதைய வரைபடத்தில் லிசாமு கோட்டுக்கு வெளியே நிற்கிறது.